ஆகஸ்ட் 15: திருச்சி மைதானமா, வேதாரண்யமா, சொந்த ஊர் கிராம சபையா?

ஆகஸ்ட் பிறந்ததும் திருச்சியில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: பதினைந்தாம் தேதி லீவுக்கு என்ன திட்டம்? சனி ஞாயிறோடு ஒட்டி வந்துவிட்டால் பேச்சு இன்னும் சூடுபிடிக்கும். பிள்ளைகள் முக்கொம்பு என்பார்கள். பெரியவர்கள் கோயில் என்பார்கள். ஊரில் இருக்கும் சித்தப்பா, "கிராம சபைக்கு ஆள் குறையுது, ஒரு எட்டு வந்துட்டுப் போங்கப்பா" என்று போன் போடுவார். ஆடி முடிகிற நேரம்தான், ஆனாலும் கோடை வெயில் எங்கள் பக்கம் இன்னும் முழுசாக விட்டுப் போயிருக்காது. காலை பத்து மணிக்கு மேல் நிழல் இல்லாத இடத்தில் கைக்குழந்தையோடு நிற்க முடியாது. ஆக, பெயருக்கு ஒரு நாள் லீவு என்றாலும் உருப்படியாகக் கையில் இருப்பது அரை நாள். அதை எதற்குக் கொடுப்பது?

நான் பார்ப்பது ஒன்றைத்தான். எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் செய்துகொள்ளக்கூடியதை அன்றைக்குச் செய்ய வேண்டாம். அந்த நாளை விட்டால் கிடைக்காதது, அல்லது வருஷத்தில் விரல்விட்டு எண்ணும் நாட்களில் மட்டுமே கிடைப்பது எதுவோ, அதற்கே முதலிடம். இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் நாம் வழக்கமாகப் போகும் இடங்கள் பல தானாகப் பின்னால் போய்விடும். டெல்டாவில் நமக்குக் கிடைக்கும் வழிகளை இந்தக் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

ஆற்றங்கரை

பிள்ளைகள் கேட்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை மறுப்பதுதான் கஷ்டம். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12ல் திறந்திருந்தால் ஆகஸ்ட் நடுவில் காவிரியில் நல்ல ஓட்டம் இருக்கும். முக்கொம்பில் ஆறு காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலு பக்கம் போகிறது. மதகுக்குக் கீழே தண்ணீர் சுழன்று நுரைக்கும் இடத்தில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வயல்களுக்குப் போகும் தண்ணீர் இங்கே பங்கு பிரிகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. கரையில் வறுத்துத் தரும் மீனும் சேர்த்தி.

ஆனால் ஆகஸ்ட் 15 அதற்கான நாள் இல்லை. அன்றைக்குச் சுற்றுவட்டாரம் முழுக்க அங்கேதான் இருக்கும். கல்லணைக்குப் போகும் ரோட்டில் வண்டி நகராது, பூங்காவில் உட்கார இடம் கிடைக்காது. அதைவிட முக்கியம், தண்ணீர் நிறைய வரும் மாதம் இது. கரையிலிருந்து பார்த்தால் அமைதியாகத் தெரியும் இடத்தில் அடியில் இழுப்பு இருக்கும். உபரி நீர் திறந்துவிட்ட நாட்களில் இறங்கக் கூடாது என்று தடுப்பு வைப்பார்கள். தடுப்பு இல்லாவிட்டாலும் இறங்காதீர்கள், பிள்ளைகளை இறங்கவும் விடாதீர்கள். காவிரியும் கல்லணையும் ஒரு வாரம் தள்ளிப் போனாலும் அங்கேயேதான் இருக்கும். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள், கரையில் காற்று வாங்கிக்கொண்டு நிதானமாக உட்காரலாம்.

என்.எஸ்.பி. ரோட்டில் ஆடித் தள்ளுபடி, புதுப்படம், வீட்டில் டிவி முன்னால் செங்கோட்டை உரை என்று இன்னும் சில வழிகள் இருக்கின்றன. தள்ளுபடியும் படமும் மறுநாளும் இருக்கும். செங்கோட்டை நிகழ்ச்சி காலை ஏழரை மணி வாக்கில் ஆரம்பித்துவிடும், வெளியே கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடலாம். இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆயுதப்படை மைதானம்

மாவட்டத் தலைநகரத்தில் இருப்பவர்களுக்கு அன்று மட்டும் கிடைக்கும் முதல் விஷயம் இது. ஒன்பது மணியைத் தாண்டியதும் ஆட்சியர் கொடியேற்றுவார். கொடிக்குள் மடித்து வைத்த பூவிதழ்கள் கயிறு இழுபட்டதும் அவர் தலைமேல் உதிரும். அப்புறம் போலீஸ் அணிவகுப்பு, புறாக்கள், மூவண்ண பலூன்கள், அரசு ஊழியர்களுக்கு நற்சான்றிதழ், நலத்திட்ட உதவிகள், கடைசியில் பள்ளிப் பிள்ளைகளின் கலை நிகழ்ச்சி.

மாநில அளவில் இதே விழாவைச் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் முதலமைச்சர் நடத்துகிறார். 1974க்கு முன்னால் அங்கே கொடியேற்றியது ஆளுநர். மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர்தான் சுதந்திர தினத்தில் கொடியேற்ற வேண்டும் என்று மு. கருணாநிதி டெல்லியிடம் கேட்டுப் பெற்ற உரிமை அது. நாட்டில் எல்லா மாநில முதல்வர்களும் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றுவது அதிலிருந்து வந்தது. பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போகும்போது வழியில் சொல்ல இது நல்ல கதை.

அணிவகுப்பின் மிடுக்கைப் பார்க்கத்தான் பலர் வருகிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது வேறு. தியாகிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் கௌரவிக்கும் சில நிமிடங்கள். வயதானவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள், ஆட்சியர் இறங்கி வந்து பொன்னாடை போர்த்துவார். ஒரு காலத்தில் அந்த வரிசை நீளமாக இருந்தது. சிறை சென்றவர்களே பெரும்பாலும் போய்விட்டார்கள். இப்போது மனைவிமாரும் பிள்ளைகளும் பேரன்களும் வருகிறார்கள். அந்தப் பாட்டிகளில் ஒருவர் போர்த்திய பொன்னாடையை உடனே கழற்றி, அழகாக நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்ப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் நேரில் வந்து பார்க்க ஒரு காரணம் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

குறை என்னவென்றால் இங்கே நமக்கு வேலை எதுவும் இல்லை. பந்தலுக்குள் அழைப்பிதழ் உள்ளவர்கள், வெளியே வெயிலில் மற்றவர்கள். வாசலில் பை சோதனை இருக்கும். எட்டரை மணிக்குள் போகாவிட்டால் முன்னால் நிற்பவர் முதுகைத்தான் பார்க்க முடியும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். செலவு என்று பார்த்தால் ஒன்றும் இல்லை, அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அதுவும் என்.சி.சி.யில் சேர ஆசைப்படும் பிள்ளை இருந்தால், ஒரு வருஷம் கட்டாயம் கூட்டிப் போங்கள். வருஷா வருஷம் போக வேண்டியதில்லை.

அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக் கொடியேற்றமே போதும். மிட்டாய் கிடைக்கும், கூட நிற்பவர்கள் தெரிந்தவர்களாக இருப்பார்கள், ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

கோயில் பந்தி

அறநிலையத்துறைக் கோயில்கள் பலவற்றில் அன்று மதியம் சிறப்பு வழிபாடும் பொது விருந்தும் நடக்கும். காணிக்கையாக வந்த சேலைகளை ஏழைப் பெண்களுக்குக் கொடுப்பார்கள். இலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு. அதிகாரிகளும் மக்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இதை 'இலவசச் சாப்பாடு' என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கோயிலுக்குள் யார் நுழையலாம் என்பது நம் தாத்தா காலத்தில் பெரிய சண்டை. சென்னை மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947ல், நாடு விடுதலை பெற்ற அதே வருஷத்தில். டீக்கடையில் தனிக் குவளை வைத்த ஊர்கள் டெல்டாவில் எத்தனையோ. அந்த ஊர்களுக்கு நடுவில் ஒரு கோயில் மண்டபத்தில், யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்காமல் இலை போடுவது சாதாரண விஷயம் இல்லை. சமபந்தி விருந்து என்று அந்த நாளில் சொன்னதே அதற்காகத்தான். வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு தூரம் போக முடியாதவர்களுக்கு இதுதான் நான் சொல்லும் வழி. பன்னிரண்டு மணிக்கு முன்னால் போங்கள். முதல் பந்தியில் அதிகாரிகள் கூட்டமும் கேமராவும் இருக்கும், இரண்டாம் பந்தியில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

வேதாரண்யம்

இப்போது பெரிய பயணத்துக்கு வருவோம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காரில் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் போய்ச் சேரலாம்.

1930 ஏப்ரல் 13 அன்று கிளம்பி ராஜாஜியும் ஏறக்குறைய நூறு தொண்டர்களும் உப்புச் சத்தியாகிரகத்துக்காக வேதாரண்யத்துக்கு நடந்தே போனார்கள். புறப்பட்ட இடம் திருச்சி கண்டோன்மெண்ட், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீடு. காந்தி தண்டியில் உப்பெடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஊர் ஊராக நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அங்கே அவர்களை வரவேற்று எல்லா ஏற்பாட்டையும் தாங்கியவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியதற்காக ராஜாஜி கைதானார். உப்புச் சட்டத்தை மீறியதற்காகச் சிறை சென்ற முதல் பெண் ருக்மிணி லட்சுமிபதியும் இந்தப் போராட்டத்தில் வந்தவர்தான்.

எனக்கு இதில் தலைவர்களைவிட வழியில் இருந்த ஊர்க்காரர்கள்தான் முக்கியம். அப்போது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். சத்தியாகிரகிகளுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தண்டோரா போட்டார், பத்திரிகையில் அறிவித்தார், அப்படியே சிலரைப் பிடித்தும் போட்டார். வந்தவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பினால் மானம் போயிற்று என்று நினைக்கிற சீமை இது. அதனால் ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஆற்று மணலில் சாப்பாட்டுப் பாத்திரங்களைப் புதைத்துவிட்டு, எந்த இடம் என்று மட்டும் ரகசியமாகச் சொல்லி அனுப்பினார்கள். யார் கொடுத்தது என்று போலீஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளியின் கதையையும் சொல்வார்கள். பாதிச் சவரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த ரோட்டில் காரில் போகும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொண்டே போகலாம். இந்த மாதத்தில் இரண்டு பக்கமும் குறுவைப் பச்சையும் சம்பா நாற்றங்காலும் இருக்கும். அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. சுற்றிலும் உப்பளம். வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பு எடுக்க முடியாது என்பதால் ஆகஸ்டில் வேலை மும்முரம். பாத்தியில் கட்டிய நீர் வற்றி அடியில் உப்பு படிந்ததும் பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். வெயில் உப்பின்மேல் பட்டுக் கண்ணைக் கூசும், ஐந்து நிமிஷம் பார்த்தாலே கண் கலங்கும். வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க அதில் நிற்கிறார்கள், அதனால் பலர் விடியும் முன்பே இறங்கிவிடுகிறார்கள். கால் பாதம் வெடித்திருக்கும். அனுமதி கேட்டுவிட்டு வரப்பில் நடங்கள், அவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

நேரம் இருந்தால் கோடியக்கரை பக்கத்தில்தான். ஆனால் வலசைப் பறவைகள் அக்டோபருக்கு மேல்தான் திரளும், ஆகஸ்டில் அதை நம்பிப் போக வேண்டாம். வெளிமான் பார்க்கலாம். ரயிலில் வர நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு அகல ரயில் பாதை 2023 ஏப்ரலில் திறந்தாயிற்று. வண்டி குறைவு, எல்லா நாளும் ஓடும் என்று எண்ணிவிட வேண்டாம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கம் இருப்பவர்களுக்கு வேதாரண்யத்துக்குப் பதிலாகத் தில்லையாடி பக்கம். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறைசென்று, 1914ல் பதினாறு வயதில் இறந்துபோன வள்ளியம்மையின் குடும்பத்து ஊர் அது. நினைவு மண்டபம் இருக்கிறது. அப்படியே தரங்கம்பாடிக் கடற்கரை. பாதி நாளில் முடிந்துவிடும்.

இத்தனை சொன்ன பிறகும் ஆகஸ்ட் 15க்கு வேதாரண்யத்தை நான் முதலிடத்தில் வைக்க மாட்டேன். தூணும் உப்பளமும் எந்த நாளும் இருக்கும். அந்த யாத்திரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல் 13க்கும் 30க்கும் நடுவில் போவதுதான் பொருத்தம். அப்போது வெயில் இன்னும் கொடுமையாக இருக்கும், ஆனால் அவர்கள் நடந்ததும் அந்த வெயிலில்தான். ஆகஸ்டில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் அது ஊரில் ஓட்டு இல்லாத குடும்பங்களுக்கு. அதற்குக் காரணம் அடுத்த பகுதியில்.

கிராம சபை

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூட வேண்டும். 2022லிருந்து மார்ச் 22ம் நவம்பர் 1ம் சேர்ந்திருக்கின்றன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லாரும் அதில் உறுப்பினர். எம்.எல்.ஏ.வை நாம் சட்டமன்றத்துக்கு அனுப்பி வைக்கிறோம். கிராம சபையில் நம் சார்பில் யாரும் போவதில்லை, நாமே உட்காருகிறோம். நாமே கணக்குக் கேட்கிறோம், நாமே தீர்மானம் போடுகிறோம். நாட்டின் விடுதலை நாளை நேரடியாகக் கையில் எடுத்துப் பயன்படுத்த இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

காலை எட்டு எட்டரைக்கு ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் கொடியேற்றம். பதினோரு மணி வாக்கில் சபை. திருச்சியிலிருந்து லால்குடி, மணச்சநல்லூர், திருவெறும்பூர் பக்கத்து ஊர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் இரண்டையும் பார்க்க முடியும்.

அந்தக் கொடியேற்றத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: யார் ஏற்றுகிறார்கள்? பட்டியலின ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றத் தடையோ அவமதிப்போ நேரக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலரே எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடுதலை கிடைத்து 75 வருஷம் முடிந்த அந்த விழாவுக்கு முன்னால் எழுதிய கடிதம் அது. நகரத்திலிருந்து நாலு குடும்பம் வந்து கொடிமரத்தடியில் நின்றால் அந்தத் தலைவருக்கு அது பெரிய பலம். இதற்காகவே ஊருக்குப் போகலாம்.

சபை நடக்கும் விதம் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் புங்க மரத்தடியில் சாமியானா போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். முன்னால் மேஜை, மேஜைமேல் வருகைப் பதிவேடும் தீர்மானப் பதிவேடும். பின்னால் வரவு செலவு அச்சடித்த பேனர். பெண்கள்தான் அதிகம் வருகிறார்கள். நூறு நாள் வேலை, குடிதண்ணீர், தெருவிளக்கு என்று நேரடியாகப் பாதிக்கப்படுவதும் அவர்கள்தான். டாஸ்மாக் அன்று மூடியிருக்கும் என்பதால் சலசலப்பும் குறைவு.

பல ஊர்களில் நடப்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். வந்ததும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். மீதிப்பேர் முன்னால் தீர்மானங்களை வேகமாகப் படித்து, "எல்லாருக்கும் சம்மதம்தானே" என்று கேட்டு, தேசிய கீதம் பாடி முடித்துவிடுவார்கள். குறைந்தபட்ச வருகைக்கு அளவு உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எண்ணிக்கை குறைந்தால் யாராவது சுட்டிக்காட்ட வேண்டும், சுட்டிக்காட்ட ஆள் இல்லாவிட்டால் எண்ணிக்கை ஏட்டில் மட்டும் நிறைந்திருக்கும்.

எங்கள் ஊர்ச் சபையில் ஒரு வருஷம் சித்தப்பா எழுந்து கிளை வாய்க்கால் மதகைப் பற்றிக் கேட்டார். மதகுக் கதவு துருப்பிடித்து, பாதிக்கு மேல் தூக்க முடியாமல் நின்றுபோயிருந்தது. கடைமடையில் இருந்த வயல்களுக்கு முறைத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அது பொதுப்பணித்துறை வேலை, இங்கே பேச முடியாது என்று பதில் வந்தது. சித்தப்பா உட்காரவில்லை. "துறை எதுவானாலும் இருக்கட்டும், இந்தச் சபை கேட்டுக்கொள்வதாக எழுதுங்க, எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க" என்றார். ஊராட்சிச் செயலர் எழுதினார். படித்துக் காட்டினார். "பரிசீலிக்கலாம்" என்று எழுதியிருந்தது. பின் வரிசையிலிருந்த ஒரு அக்கா, "பரிசீலிக்கலாம் இல்லீங்க, சரிசெய்யக் கோரப்படுகிறதுன்னு எழுதுங்க" என்றார். அடித்துத் திருத்தி எழுதினார்கள். உடனே கதவு மாறிவிடவில்லை. ஆனால் அந்தத் தீர்மான எண்ணை வைத்துக்கொண்டுதான் பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் பேச முடிந்தது, வெறும் வாய்வார்த்தையாக இருந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

நகரத்துக்கு வந்துவிட்டவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது? திருச்சி விலாசத்துக்கு மாற்றியிருந்தால் ஊர்ச் சபையில் நீங்கள் உறுப்பினர் இல்லை. வந்து உட்கார்ந்து பார்க்கலாம், கையெழுத்தோ தீர்மானத்தில் பங்கோ கிடையாது. அதற்காக ஊரில் பொய்யாகப் பெயரை வைத்துக்கொள்ளவும் கூடாது. பெற்றோரோ அண்ணன் தம்பியோ ஊரில் இருந்தால் அவர்களோடு போங்கள். எழுதப் படிக்கத் தயங்கும் பெரியவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, பேனரில் உள்ள கணக்கைப் படித்துச் சொல்வது, இதெல்லாம் உறுப்பினர் இல்லாதவரும் செய்யலாம்.

யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

ஊரில் ஓட்டு இருக்கிறது, ஊர் ஒரு மணி நேரத் தூரம்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், கிராம சபை. மைதானமும் கோயில் பந்தியும் சபையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருவதால் மூன்றையும் ஒரே நாளில் பிடிக்க முடியாது. மைதானத்தில் கலை நிகழ்ச்சி முடியவே பத்தரை ஆகிவிடும், அதற்கு மேல் ஊருக்கு ஓடினால் சபை பாதியில்தான் கிடைக்கும்.

ஓட்டு நகரத்தில், பிள்ளைகள் பள்ளி வயது என்றால் இந்த வருஷம் மைதானம், அடுத்த வருஷம் வேதாரண்யம். பெரியவர்களை விட்டுவிட்டு நகர முடியாத வீடு என்றால் காலையில் டிவி, மதியம் கோயில் பந்தி.

எங்கே போனாலும் வீட்டில் கொடியேற்ற நினைத்தால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொடி 3:2 அளவில் இருக்க வேண்டும், காவி மேலே வர வேண்டும், தரையில் படக் கூடாது, கிழிந்ததை ஏற்றக் கூடாது. 2022லிருந்து வீட்டில் இரவிலும் பறக்கலாம். சிக்னலில் விற்கும் பிளாஸ்டிக் கொடியை வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் மறுநாள் அது சாக்கடையோரம் கிடக்கும். சர்வோதய சங்கக் கடையில் கதர்க் கொடி ஒன்று வாங்கி வைத்தால் மடித்து வைத்துப் பல வருஷம் பயன்படுத்தலாம்.

சபைக்குப் போகிறவர்கள் முதல் நாளே மனுவை எழுதி வைத்துவிடுங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம் போதும். எந்தத் தெரு, எந்த மதகு, எந்தக் கம்பம் என்று இடத்தைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தீர்மானம் எழுதியதும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 சபைக்கு வரும்போது அந்த எண்ணைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.